வளர்ப்பு இகுவானாவுக்கு உண்டாகும் வியாதிகளும் அவற்றைக் கண்டறியும் விதமும்

பல்லி, அரணை, ஓணான், உடும்பு என்னும் பிராணிகளை அறியாத விவசாயி நம் நாட்டில் ஒருவரும் இரார். வரப்பிலும் வேலியிலும் மரப்பொந்திலும் தாமே இரை தேடிப் பிழைக்கும் இவற்றிற்கு வைத்தியம் செய்யவேண்டுமென்ற எண்ணம் எவருக்கும் உண்டானதில்லை. உண்டாக வேண்டிய அவசியமும் இருந்ததில்லை. ஆனால் தாம்பரத்திலிருந்து செங்கற்பட்டு நோக்கிச் செல்லும் பெருஞ்சாலையின் இருபுறத்திலும் நிலைமை வெகுவாய் மாறிவிட்டது. வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி, பொத்தேரி, மறைமலை நகர், சிங்கப்பெருமாள் கோவில் ஆகிய ஊர்களில் நஞ்சையும் புஞ்சையுமாய் இருந்த இடங்களிலே அடுக்குமாடி வீடுகள் எழும்பியிருக்கின்றன. அவ்வீடுகளில் குடியேறியோரிற் சிலர், நாய் பூனைகளோடு திருப்தியடையாமல், அயல்நாட்டுப் பல்லியினங்களைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து வளர்க்கின்றனர். அவற்றுள் முக்கியமானது இகுவானா என்று வழங்கும் பச்சைப் பேரோணானாகும்.

இது மத்திய அமெரிக்கா, தென் அமெரிக்கா ஆகிய பிரதேசங்களைச் சேர்ந்தது. வாங்கும்பொழுது ஒரு சாண் நீளமுள்ள குஞ்சாய் இருக்கும். மூன்று நான்கு ஆண்டுகளில் வாலுடன் சேர்த்து 4 முதல் 6 அடி வரை வளர்ந்துவிடும். முறையாய்ப் பராமரித்தால் 15 ஆண்டுகளுக்கு மேலும் ஜீவித்திருக்கும். பெட்டி போதாமற்போய், பிராணியும் நலிந்து, வீட்டாருக்கும் சலிப்பு உண்டாகும் காலத்தில், கிராமத்தில் தோட்டம் வைத்திருக்கும் உறவினர் நினைவுக்கு வருகிறார். மாடு வளர்ப்பவருக்கு எந்தப் பிராணியின் வியாதியும் தெரியுமென்று நகரத்தார் நம்புவது வழக்கம். அந்த நம்பிக்கை மாட்டின் விஷயத்தில் சரியே. இகுவானாவின் விஷயத்தில், மாட்டுக்கும் கோழிக்கும் செய்வதை அப்படியே செய்தால் பிராணி சாகும். ஆயினும், நோயின் மூலகாரணம் இன்னதென்று அறிந்துகொண்டவருக்கு, வேண்டிய மருந்திற் பெரும்பகுதி தம் கொல்லையிலேயே கிடைக்கிறது என்பதும் உண்மையாகும்.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாய்ச் சொல்லவேண்டும். இங்கே கூறப்படுவன யாவும் அயல்நாட்டு இகுவானாவைப் பற்றியவை. நம் உடும்பு 1972-ஆம் ஆண்டின் வனவிலங்கு (பாதுகாப்பு)ச் சட்டத்தின் முதல் அட்டவணையைச் சேர்ந்தது. அதைப் பிடிப்பதும், கூண்டிலிட்டு வளர்ப்பதும், தைலத்துக்கோ தோலுக்கோ கொல்லுவதும் குற்றமாகும். அடிபட்ட உடும்பு ஒன்று வயலில் அகப்பட்டாலும், வீட்டில் வைத்து வைத்தியம் பார்க்காமல் வன இலாகாவுக்கு உடனே தெரிவிப்பதே முறை.

உஷ்ணமே முதல் ஆகாரம்

மாட்டின் உடல், வெயிலிலும் பனியிலும் தன் உஷ்ணத்தைத் தானே காத்துக்கொள்ளுகிறது. பல்லியினத்துக்கு அச்சக்தி இல்லை. அது வெயிலில் காய்ந்து உஷ்ணம் ஏற்றிக்கொள்ளும். மிஞ்சினால் நிழலுக்கு ஓடும். இகுவானா தின்பது தழை. அத்தழை அதன் பெருங்குடலில் நுண்ணுயிர்களால் புளிக்கவைக்கப்பட்டே ஜீரணமாகிறது. மாட்டின் அசைவயிற்றில் நடப்பதற்கு இது ஒப்பாகும். ஆனால் மாட்டின் வயிறு எப்பொழுதும் சூடாயிருக்கும். இகுவானாவின் குடல் சூடாய் இருப்பது வெளிச்சூட்டைப் பொறுத்தது. உடல் ஏறக்குறைய 35 டிகிரி சென்டிகிரேடு உஷ்ணத்தை எட்டினால்தான் ஜீரணம் நன்றாய் நடக்கும். ஆகையால் கூண்டின் ஒரு மூலையில் 35 முதல் 38 டிகிரி வரையிலும், மற்ற இடங்களில் 26 முதல் 32 டிகிரி வரையிலும் பகலில் இருக்கவேண்டும். இரவில் 24 டிகிரிக்குக் கீழே செல்லாதிருப்பது நலம்.

செங்கற்பட்டு ஜில்லாவில் சித்திரை, வைகாசி மாதங்களில் இந்த உஷ்ணத்துக்குக் குறைவில்லை, நிழல்தான் வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் அடைமழையிலும், மார்கழி, தை மாதங்களின் இரவுக் குளிரிலும், குளிர்சாதனம் வைத்த அறைகளில் வருஷம் முழுவதிலும் குறை நேருகிறது. அக்காலங்களில் பிராணி கறுத்த நிறமடைந்து, அசையாமற் கிடந்து, தின்ன மறுக்கும். அதைக் கண்ட வீட்டார் வாயைத் திறந்து கஞ்சியோ கீரையோ திணிப்பர். குளிர்ந்த வயிற்றில் சென்ற ஆகாரம் ஜீரணிக்காமல் அழுகி, வியாதி இரட்டிப்பாகும். எனவே நோயுற்ற இகுவானா எதுவாயினும், முதலில் உஷ்ணம், பிறகு தண்ணீர், அதன் பின்னரே ஆகாரம் என்ற வரிசையை மாற்றலாகாது.

உஷ்ணத்துக்காக விளக்கு வைப்போர் அதைக் கம்பிவலைக்கு வெளியே வைக்கவேண்டும். பல்லியினங்கள் சூட்டை உணர்ந்து விலகுவதில் மந்தமானவை. வயிறு வெந்து கொப்புளிக்கும் வரை விளக்கையோ சூடேற்றிய கல்லையோ ஒட்டிப் படுத்திருக்கும். அதிலும் சூடேற்றும் கற்கள் என்று கடையில் விற்பனவற்றை வாங்காதிருப்பதே மேல்.

எலும்பு மெலிவு நோய்

வளர்ப்பு இகுவானாக்களுக்கு வரும் வியாதிகளில் முதன்மையானதும், அதிகமாய்க் கொல்லுவதும் இதுவே. இது கிருமியால் வருவதன்று. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தொற்றுவதும் அன்று. கால்சியம் என்னும் சுண்ணாம்புச் சத்தும் சூரிய ஒளியும் குறைவதால் வருவது. வளரும் குஞ்சுகளுக்கு இது மிக விரைவாய் உண்டாகிறது.

இரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து குறையும்பொழுது, உடலானது அதை எலும்பிலிருந்து எடுத்துக்கொள்ளுகிறது. எலும்பு உறுதி இழந்து, அவ்விடத்தில் நார்ப்பொருள் வளர்ந்து தடிக்கிறது. இதனால் முதலில் தோன்றும் குறி மனிதரை ஏமாற்றுவதாய் இருக்கிறது. பின்தொடைகள் உருண்டு பருத்து, பிராணி நன்றாய்க் கொழுத்திருப்பதுபோற் காணப்படும். வீட்டார் மகிழ்ச்சியடைவர். ஆனால் உடலின் மற்றப் பாகங்கள் இளைத்திருக்க, தொடை மட்டும் கல்போல் இறுகிப் பருத்திருந்தால் அது சதையன்று, நோயே. சுகமுள்ள பிராணியின் தொடையை விரலால் மெதுவாய் அமுக்கினால் சதை சற்று நெகிழும். வால் அடியும் தொடையும் ஒரே அளவாய்ச் சேர்ந்து பருத்திருக்கும்.

இரண்டாவது குறி கீழ்த்தாடை. இருபுறமும் விரல் வைத்து மிக மெதுவாய்த் தொட்டால், சுகமுள்ள தாடை உறுதியாய் இருக்கும். நோயுற்ற தாடை ரப்பரைப்போல் வளையும். சிலவற்றில் தாடை வீங்கி, குட்டையாகி, நாக்கு நுனி வெளியே தெரியும். பிறகு விரல்கள் தாமாகவே துடிக்கும். கையில் எடுத்தவுடன் கால்கள் நடுங்கும். முதுகெலும்பும் வாலும் கோணும். நடக்கும்பொழுது வயிற்றைத் தரையினின்று தூக்க முடியாமல் இழுத்துச் செல்லும். சிறிது உயரத்திலிருந்து விழுந்தாலும் கால் முறியும். கடைசியில் பின்கால்கள் செயலற்றுப் போகும், மலமும் கட்டிவிடும்.

விரல் துடிப்பதைக் காணும் விவசாயிக்குக் கன்று ஈன்ற கறவைப் பசுவின் பால் காய்ச்சல் நினைவுக்கு வரலாம். நினைப்பது சரியே. இரண்டிலும் இரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து சடுதியில் குறைந்திருக்கிறது. ஆனால் பசுவுக்கு நரம்பில் ஏற்றும் கால்சியம் புட்டியை எடுத்து இப்பிராணிக்குக் குத்துவது கூடவே கூடாது. அரைக் கிலோ எடையுள்ள பிராணிக்கு வேண்டிய அளவு மிக அற்பம். சற்று மிகுந்தால் இருதயம் நின்றுவிடும். துடிப்பு கண்ட பிராணியை, சிறிய பெட்டியில் மெத்தென்ற துணியிட்டு, கையாளுதலைக் குறைத்து, அன்றைக்கே கால்நடை வைத்தியரிடம் கொண்டுசெல்ல வேண்டும். அவர் எக்ஸ்ரே படம் எடுத்து, எலும்பின் நிலையறிந்து, கால்சியத்தை ஊசியாகவோ வாய்மருந்தாகவோ அளந்து தருவார். முறிந்த காலை வீட்டில் இழுத்துச் சேர்த்து மூங்கிற் பத்தை கட்டுவதும் தவறு. மெலிந்த எலும்பு கட்டின் விளிம்பிலேயே மறுபடி முறியும்.

தொடக்கத்திற் கண்டுபிடித்த பிராணி சில மாதங்களில் தேறிவிடும். வளைந்த எலும்பு நிமிராது. ஆயினும் பிராணி பிழைத்திருக்கும். பின்கால்கள் விழுந்தபின் வரும் பிராணிகளிற் பல பிழைப்பதில்லை.

இந்நோய்க்கு வெளிச்சம் எவ்வாறு காரணமாகிறது என்பதையும் அறியவேண்டும். தின்ற சுண்ணாம்புச் சத்து குடலினின்று உடலிற் சேர வைட்டமின் டி வேண்டும். இகுவானாவின் தோலிற் சூரியனின் புற ஊதாக் கதிர் படும்பொழுது அது உற்பத்தியாகிறது. அக்கதிர் சாதாரண ஜன்னற் கண்ணாடி வழியே செல்லாது. வெயில் விழும் ஜன்னலோரத்திற் கண்ணாடிப் பெட்டியை வைத்து, பிராணிக்கு வெயில் கிடைப்பதாய் நினைப்போர் ஏமாறுகின்றனர். அதற்குக் கிடைப்பது வெளிச்சமும் சூடுமே; சத்து கிடைப்பதில்லை. மேலும், அப்பெட்டி வெயிலில் அடுப்பைப்போற் காய்ந்து, சில நிமிஷங்களில் பிராணியைக் கொன்றுவிடக்கூடும்.

சரியான முறை யாதெனில், கம்பிவலைக் கூண்டில் விட்டு, பாதியில் வெயிலும் பாதியில் நிழலும் விழும்படி, காலை வேளையில் அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை வெளியில் வைப்பதாகும். காகமும் நாயும் அணுகாமற் பார்த்துக்கொள்ள ஒருவர் அருகில் இருக்கவேண்டும். மழைக்காலத்துக்கு யு.வி.பி. விளக்கு என்று விற்கப்படும் விளக்கைப் பயன்படுத்தலாம். அதற்கும் பிராணிக்கும் இடையே கண்ணாடி இருத்தல் ஆகாது. ஒளி தெரிந்துகொண்டிருந்தாலும் அவ்விளக்கின் கதிர்ச்சக்தி நாளடைவிற் குறைந்துவிடுவதால், ஆறு மாதம் முதல் ஓராண்டுக்குள் மாற்றுவது அவசியம். மற்ற நாடுகளிற் பெருஞ்செலவில் விளக்கு வைத்துச் செய்வதை இந்த ஜில்லாவின் வெயில் வருஷத்திற் பெரும்பகுதி இனாமாய்ச் செய்துவிடுகிறது.

ஆகாரம்

நிலத்துக்கு உரமிடுவோருக்கு மணிச்சத்து இன்னதென்று தெரியும். பாஸ்பரஸ் என்னும் அச்சத்து உணவிலும் உண்டு. இகுவானாவின் தீனியில் மணிச்சத்து ஒரு பங்கானால் சுண்ணாம்புச் சத்து இரண்டு பங்காவது இருக்கவேண்டும். வாழைப்பழத்தில் இக்கணக்கு தலைகீழாய் இருக்கிறது. வெள்ளரிக்காயும் லெட்டூஸ் கீரையும் தண்ணீரன்றி வேறில்லை. நகரத்து வீடுகளிற் பெரும்பாலும் கொடுக்கப்படுவன இவையே.

நம் கொல்லையில் உள்ள கீரைகள் இவ்விஷயத்தில் மிகவும் உயர்ந்தவை. 100 கிராம் அகத்திக் கீரையில் ஏறத்தாழ 1000 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து உண்டு, முருங்கைக் கீரையில் 300 மில்லிகிராமுக்கு மேல் உண்டு, கறிவேப்பிலையிலும் மிகுதி. மல்பரி இலை, செம்பருத்தி இலையும் பூவும் விருப்பமாய்த் தின்னும். பூசணி, பீர்க்கு, அவரை ஆகியவற்றைத் துருவிச் சிறிது சேர்க்கலாம். பழம் வாரத்தில் ஒன்றிரண்டு நாளைக்கு ஒரு துண்டு போதும். எந்தக் கீரையானாலும் ஒன்றையே தினந்தோறும் கொடாமல் மூன்று நான்கு வகை கலந்து கொடுக்கவேண்டும். பாலக்கு, பசலை ஆகியவற்றில் ஆக்ஸாலிக் அமிலம் மிகுதியாய் இருந்து சுண்ணாம்புச் சத்தைக் கட்டிவிடுவதால், அவற்றையே நம்பியிருத்தல் தவறு. முட்டைக்கோஸை அதிகமாய்க் கொடுத்தால் கழுத்துக்கோளம் கெடும். சவுண்டல் தழை ஆட்டுக்கு அளவோடு ஆகும், இதற்கு வேண்டா. அரளி, எருக்கு, ஊமத்தை ஆகியவை கூண்டின் அருகிலும் இருத்தல் ஆகாது. பூச்சிமருந்து தெளித்த வயலிலிருந்து கீரை பறிப்பது பற்றிச் சொல்லவேண்டியதில்லை. ஆயினும் விருந்தாளிப் பிராணிக்காகப் பக்கத்து வயலிற் பறித்து வருவோர் அங்கே எப்பொழுது தெளித்தார்களென்று கேட்டுக்கொள்ளுவது நலம்.

முட்டை, இறைச்சி, நாய்த்தீனி ஆகியவற்றைக் கொடுத்தால் விரைவில் வளரும் என்று பழைய புத்தகங்கள் சில கூறின. வளருவது உண்மை. சில ஆண்டுகளில் சிறுநீரகம் கெட்டு, மூட்டுகளில் உப்புப் படிந்து சாவதும் உண்மை. ஆறேழு வயதான பிராணி காரணமின்றி இளைத்து, அதிகத் தண்ணீர் குடித்து, மலங்கட்டி வருந்தினால் சிறுநீரகத்தைச் சந்தேகிக்கலாம். வீங்கிய சிறுநீரகம் இடுப்பெலும்பினுள் குடலை நெருக்குவதாலேயே மலம் கட்டுகிறது. அப்பொழுது பேதிமருந்து கொடுப்பது பயனற்றது.

மற்றைய வியாதிகள்

பல்லியினங்கள் தம் வியாதியை மறைத்துக்கொள்ளும். காட்டில் நலிவு காட்டிய பிராணி உடனே இரையாகிவிடும் என்பதே இதற்குக் காரணம். ஆதலால் கண்ணுக்குத் தெரியுமளவு நோய் முற்றும்வரை காத்திராமல், வாரத்துக்கு ஒரு முறை சமையலறைத் தராசு போன்ற ஒன்றில் நிறுத்து எடையைக் குறித்து வைக்கவேண்டும். பால் கணக்கு எழுதும் நோட்டில் ஒரு பத்தி போதும். வளரும் குஞ்சின் எடை இரண்டு வாரம் ஏறாமலிருந்தாலும், வளர்ந்த பிராணியின் எடை தொடர்ந்து இறங்கினாலும், வேறு குறி இல்லாவிடினும் நோயுண்டென்று கொள்ளலாம். எச்சத்தையும் பார்க்கவேண்டும். கபில நிறமான உருண்ட மலமும், அதனுடன் வெண்மையான சுண்ணம்போன்ற பொருளும், சிறிது தெளிந்த நீரும் இருப்பது சுகத்தின் அடையாளம். வெண்பொருள் மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறுவது கெட்ட குறி. கண் குழிந்து, வாயினுள் எச்சில் நூலாய் இழுபட்டால் உடலில் நீர் குறைந்திருக்கிறது. அதனை வெதுவெதுப்பான நீரில் மார்பளவுக்குக் கால் மணி நேரம் நிறுத்தினால், குடித்தும் நனைந்தும் தேறும். அப்பொழுது அருகிலேயே இருக்கவேண்டும். நலிந்த பிராணி தலையைத் தூக்க முடியாமல் மூழ்கிவிடும்.

மூக்கைச் சுற்றி வெண்பொடி படிந்திருப்பதும், அடிக்கடி தும்மி வெண்துளிகளைச் சிதறுவதும் சளி என்று அஞ்சி மருந்து கொடுப்போர் உண்டு. இகுவானா தன் உடலில் மிகுந்த உப்பை மூக்கின் வழியே வெளியேற்றுகிறது; அது சுபாவமேயாம். வாயைத் திறந்தபடி மூச்சு விடுதல், மூக்கில் நுரை காணுதல், மூச்சில் ஒலி எழுதல் ஆகியவையே நுரையீரல் நோயின் குறிகள். இப்பிராணிக்கு நம்மைப்போல் இருமிச் சளியை வெளியேற்றும் சக்தி இல்லை. ஆதலால் இக்குறிகளைக் கண்டபின் தாமதம் கூடாது. வெயிலில் மட்டும் வாய் திறந்து, நிழலில் மூடிக்கொள்ளுமானால் அது உஷ்ணம் மிஞ்சியதைக் காட்டும்.

ஈறில் சிவந்த புள்ளிகளும், பிறகு தயிர்க்கட்டி போன்ற படலமும் காணுவது வாய்ப்புண். பெரும்பாலும் குளிராலும் அசுத்தத்தாலும் வரும். போவிடோன் அயோடின் மருந்தைப் பாலில்லாத் தேநீரின் நிறம் வருமளவு நீரிற் கலந்து பஞ்சால் ஒற்றலாம். கட்டியைக் கத்தியாற் சுரண்டலாகாது. தாடை வீங்கினால் வைத்தியரே பார்க்கவேண்டும்.

தோல் உரிவது இகுவானாவில் துண்டு துண்டாய் நடக்கும். பாம்பின் சட்டைபோல் முழுதாய்க் கழலவில்லையே என்று உரிக்கலாகாது. ஆனால் விரல்களிலும் வால் நுனியிலும் பழைய தோல் வளையமாய் நின்றுவிட்டால், நூல் கட்டியதுபோல் இரத்தம் செல்லாமல் அவ்விடம் கறுத்து விழும். தினந்தோறும் வெந்நீரல்லாத வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, ஈரத்துணியால் மெதுவாய்த் தடவினால் வளையம் கழன்றுவிடும்.

பெட்டைக்கோழி சேவலின்றி முட்டையிடுவதுபோல, பெட்டை இகுவானாவும் இணையின்றியே இரண்டு மூன்று வயதில் முட்டை கொள்ளும். அதுவும் ஒரே ஈட்டில் 20 முதல் 40 வரையிலும், சில சமயம் அதற்கு மேலும் இருக்கும். அக்காலத்தில் வயிறு பருத்து, சில வாரங்கள் தின்னாமலிருந்தும் சுறுசுறுப்பாய் மண்ணைப் பறிக்க முயலுமானால் அஞ்சவேண்டியதில்லை. ஆழமான தொட்டியில் ஈரமணலும் மண்ணும் கலந்து நிரப்பி, அதன் பக்கம் ஆட்கள் செல்லாமல் விடவேண்டும். பறிப்பதற்கு மண் கிடையாத பிராணி முட்டையை அடக்கிக்கொண்டு நலியும். கண்ணை மூடிக் கிடந்து, கால்கள் தளர்ந்தால் அது அவசர நிலைமை. முட்டையைப் பிதுக்கி எடுக்க முயன்றால் உள்ளே உடைந்து உயிர் போகும்.

மலவாய் வழியே சதை வெளிவந்துவிட்டால், மாட்டுக்குக் கருப்பை தள்ளியபொழுது செய்வதே இங்கும் முதலுதவி. சுத்தமான நீரிற் கழுவி, சர்க்கரைப் பாகால் நனைத்த துணியைச் சுற்றி, உலரவிடாமல் வைத்தியரிடம் சேர்க்கவேண்டும். சர்க்கரை வீக்கத்தைக் குறைக்கிறது. வால் அறுந்துபோனால் சுத்தமான துணியாற் சற்று அழுத்திப் பிடித்தல் போதும், கட்டுப் போடலாகாது. நாளடைவில் கறுத்துச் சிறுத்த வால் ஒன்று மறுபடி வளரும்.

உண்ணியும் செவ்வுண்ணியும் கண்டால் கூண்டிலுள்ள மரத்துண்டு, தாள் யாவற்றையும் எரித்துவிட்டு, கூண்டைக் கொதிநீரிற் கழுவிக் காயவிடவேண்டும். மாட்டு உண்ணிக்குத் தெளிக்கும் மருந்து, மண்ணெண்ணெய், புகையிலைக் கஷாயம் ஆகிய எதனையும் இதன் தோலிற் பூசலாகாது. ஆட்டுக்கு வாங்கி வைத்த ஐவர்மெக்டினைப் புழுவுக்கென்று கொடுப்பதும் அபாயமானது. ஆமைகளை அம்மருந்து கொன்றுவிடும். பல்லியினங்களிலும் அளவு தவறினால் கேடு உண்டு. தவிரவும், இகுவானாவின் குடலிலுள்ள கீரைப்புழுக்களிற் பல தீங்கற்றவை. எச்சத்தைப் பரீட்சித்தபின்னரே மருந்தைப் பற்றி யோசிக்கவேண்டும்.

வீட்டாரின் சுகம்

சுகமாய்க் காணப்படும் இகுவானாவின் குடலிலும் சால்மொனெல்லா என்னும் கிருமி இருக்கும். அது பிராணியை வருத்தாது. மனிதருக்குக் கடும் வயிற்றுப்போக்கையும் காய்ச்சலையும் உண்டாக்கும். ஊர்வன மூலம் குழந்தைகளுக்கு இந்நோய் பரவியதாலேயே அமெரிக்க ஐக்கிய நாட்டில் நாலங்குலத்துக்குக் குறைந்த சிறு ஆமைகளின் விற்பனை 1975-ஆம் ஆண்டில் தடைசெய்யப்பட்டது. ஆகையால் தொட்டவுடன் சோப்பிட்டுக் கைகழுவுதல் கட்டாயம். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளும், கர்ப்பிணிகளும், வயோதிகரும் தொடாதிருப்பதே நலம். இதன் பாத்திரத்தைச் சமையலறையிற் கழுவலாகாது; கோழிக் கொட்டகைக்கு அருகிற் கூண்டை வைக்கவும் கூடாது.

எங்கே கொண்டுசெல்லுவது

இகுவானாவின் பற்கள் அரம்போற் கூரியவை. வாலாலும் வலுவாய் அடிக்கும். தடித்த துண்டினால் உடலைச் சுற்றி, ஒரு கை முன்கால்களின் பின்னும் மற்றொரு கை இடுப்பிலுமாகத் தாங்கி எடுத்து, காற்றுத்துளையுள்ள பெட்டியில் வைத்துக் கொண்டுசெல்ல வேண்டும். வாலைப் பிடித்துத் தூக்கினால் வால் கையோடு வந்துவிடும். எடைக் குறிப்பையும், அன்றைய எச்சத்தையும், கொடுத்துவந்த தீனியின் விவரத்தையும் உடன் எடுத்துச்சென்றால் வைத்தியரின் வேலை பாதி குறையும்.

மறைமலை நகரைச் சேர்ந்தோர் முதலில் அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தை அணுகி வழி கேட்கலாம். பொத்தேரிக்கு அருகே காட்டுப்பாக்கத்தில் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. 1903-ஆம் ஆண்டில் தொடங்கிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி வேப்பேரியில் இருக்கிறது. எல்லாக் கால்நடை வைத்தியரும் ஊர்வனவற்றுக்குச் சிகிச்சை செய்து பழகியவரல்லர். ஆகையால் புறப்படுமுன் விசாரித்துக்கொள்ளுவது வீண் அலைச்சலைத் தவிர்க்கும்.

கிராம அதிகாரிகளின் கவனத்துக்கு

வளர்க்க மாட்டாதவர்கள் இப்பிராணியை ஏரிக்கரையிலோ தோப்பிலோ விட்டுவிடுவது, பிராணிக்குச் செய்யும் தயவென்று பலர் கருதுகின்றனர். எலும்பு மெலிந்த பிராணியாயின் நாயிடம் அகப்பட்டு ஓரிரு நாளில் மடியும். சுகமுள்ள பிராணியாயின் நேரும் தீங்கு வேறு. அமெரிக்காவின் பிளாரிடா மாகாணத்தில் இவ்வாறு வெளிப்பட்ட இகுவானாக்கள் பெருகி, வாய்க்காற் கரைகளிலே வளை தோண்டிக் கரைகளைச் சரியச் செய்கின்றன. தைவான் தீவின் தென்பகுதியில் பயிர்களை மேய்ந்து அழிப்பதால், அங்குள்ள அரசாங்கம் அவற்றைப் பிடித்து ஒழிக்கப் பெருமுயற்சி செய்துவருகிறது. பிளாரிடாவிலாவது குளிர்காலத்தில் சில நாட்கள் விறைத்து மரத்திலிருந்து விழும். செங்கற்பட்டு ஜில்லாவில் அந்தத் தடையும் இல்லை. ஏரிப்பாசனத்தை நம்பியுள்ள இந்த ஜில்லாவில், ஒரு பெட்டை ஓர் ஈட்டில் 40 முட்டை இட்டால் கரைகளின் கதி என்னவாகும் என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஏரிக்கரையிலோ தோப்பிலோ பச்சை நிறமுள்ள பெரிய ஓணானைக் கண்டதாய் எவரேனும் கூறினால், அது உடும்பா இகுவானாவா என்று தெரிந்துகொள்ளுவது அவசியம். முதுகில் சீப்புப் பற்கள்போன்ற முட்களின் வரிசையும், தாடையின் கீழே தொங்கும் தோலும், காதின் கீழே வட்டமான பெரிய செதிலொன்றும் இருந்தால் இகுவானாவே. உடும்புக்கு இவை இல்லை. அதன் நாக்கு பாம்பின் நாக்குபோற் பிளவுபட்டு நீண்டிருக்கும்.

இகுவானா சர்வதேச ஒப்பந்தத்தின் கீழ் வரும் பிராணியாதலால், 2022-ஆம் ஆண்டில் திருத்தப்பட்ட வனவிலங்குச் சட்டத்தின்படியும் 2024-ஆம் ஆண்டின் விதிகளின்படியும், அதை வைத்திருப்பவர் பரிவேஷ் என்னும் அரசாங்க இணையத்தளத்தின் வழியே மாநிலத் தலைமை வனவிலங்குக் காப்பாளரிடம் பதிவுசெய்துகொள்ள வேண்டும். கைமாறுவதும், குஞ்சு பொரிப்பதும், இறப்பதும் தெரிவிக்கப்பட வேண்டும். நகரத்து உறவினரிடமிருந்து பிராணியைப் பெற்றுக்கொள்ளும் விவசாயி, கூண்டோடு பதிவுப் பத்திரத்தையும் கேட்டு வாங்கிக்கொள்ளக் கடவர். பத்திரமில்லாத பிராணியையோ, வளர்க்க இயலாத பிராணியையோ குறித்து வன இலாகாவின் அலுவலகத்துக்குத் தெரிவித்து, அவர்கள் குறிப்பிடும் இடத்தில் ஒப்படைக்க வேண்டும். அதுவரையில் நிழலும் வெயிலும் உள்ள கம்பிக்கூண்டில் வைத்து, ஒரு வேளை அகத்தியும் முருங்கையும் நறுக்கிப் போட்டு, ஒரு தட்டில் தண்ணீர் வைத்தால் போதுமானது.